தளபதிக்குத் தங்கம், மாலுமிக்குச் செம்பு

லண்டனில் செயிண்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் குடியிருந்த அலெக்சாண்டர் டேவிசன் ஒரு வியாபாரி. கனடாவின் கியூபெக் நகரில் வணிகம் செய்து, பிறகு பிரிட்டிஷ் அரசுக்குச் சரக்கு வழங்கும் ஒப்பந்தங்களில் பெரும் பணம் சேர்த்தவர். 1782-ல் கியூபெக்குக்கு ‘ஆல்பமார்ல்’ என்ற போர்க்கப்பல் வந்தபோது அதன் இளம் கேப்டனோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. கேப்டனின் பெயர் ஹொரேஷியோ நெல்சன். பதினாறு ஆண்டுகள் கழித்து அந்த நட்பின் பேரில் டேவிசன் ஒரு காரியம் செய்தார். நெல்சன் வென்ற ஒரு கடற்போரின் நினைவாகப் பதக்கம் அடிக்கச் சொல்லி, அந்தப் போரில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தார். அதற்கு ஏறத்தாழ 2,000 பவுண்டு செலவானது. முழுவதும் அவர் கைப்பணம்.

அந்தப் போர் எகிப்தின் அபூக்கிர் விரிகுடாவில் 1798 ஆகஸ்ட் 1 மாலையில் தொடங்கி இரவெல்லாம் நடந்தது. ஆங்கிலேயர் அதை நைல் போர் என்பார்கள். நெப்போலியனின் படையை எகிப்தில் இறக்கிவிட்டு, பிரெஞ்சுக்காரரின் 13 பெரும் போர்க்கப்பல்கள் கரையோரம் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. கரைப்பக்கம் ஆழம் போதாது, எதிரி அங்கே வரமுடியாது என்பது பிரெஞ்சுத் தளபதி புரூயேயின் கணக்கு. ஆனால் ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்று திரும்பும்போதெல்லாம் சுழலும். அது சுழல்வதற்கு ஆழம் இருந்தால் இன்னொரு கப்பல் நுழைவதற்கும் ஆழம் இருக்கும். ‘கோலியாத்’ கப்பலின் கேப்டன் தாமஸ் ஃபோலி கரைக்கும் பிரெஞ்சு வரிசைக்கும் நடுவே புகுந்தார். அவர் பின்னால் வேறு சில கப்பல்களும் புகுந்தன. இரண்டு பக்கமும் அடி விழ, பிரெஞ்சு வரிசை குலைந்தது. இரவு பத்து மணியளவில் 120 பீரங்கிகள் கொண்ட அவர்களது தலைமைக் கப்பல் ‘லோரியான்’ வெடித்துச் சிதறியது. முடிவில் 13 பெரும் கப்பல்களில் தப்பியவை இரண்டே.

வெற்றிச் செய்தி பரவியதும் பரிசுகள் குவிந்தன. நெல்சனுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. துருக்கி சுல்தான் மூன்றாம் செலிம் வைரம் இழைத்த தலைச்சூட்டு ஒன்றை அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனி 10,000 பவுண்டு கொடுத்தது. போரில் இருந்த கேப்டன்கள் ஒன்றுகூடித் தங்கள் தளபதிக்கு முதலை வடிவக் கைப்பிடி கொண்ட வாள் ஒன்றைச் செய்வித்தார்கள். அரசும் தன் பங்குக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1794-ல் ஏற்படுத்தப்பட்ட அந்தப் பதக்கம் அட்மிரல்களுக்கும் கேப்டன்களுக்கும் மட்டுமே உரியது. லெப்டினன்டுக்குக்கூடக் கிடையாது.

பீரங்கியை இழுத்துப் பொருத்தியவன், பாய்மரத்தில் ஏறியவன், வெடிமருந்துப் பையைச் சுமந்து ஓடிய சிறுவன் ஆகியோருக்கு என்ன? பிடிபட்ட கப்பல்களை விற்று வரும் பணத்தில் ஒரு சிறு பங்கு. அதைத் தவிர எதுவும் இல்லை. இந்த ஆட்கள் எந்த மனநிலையில் கடலுக்குப் போனவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேர்ந்த மாலுமியின் சம்பளம் 1650-களில் மாதம் 24 ஷில்லிங் என்று விதிக்கப்பட்டது. அதற்குப் பின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அது ஏறவே இல்லை. 1797-ல் ஸ்பிட்ஹெட்டிலும் நோரிலும் மாலுமிகள் கப்பல்களை நகர்த்த மறுத்துக் கிளர்ந்தார்கள். ஸ்பிட்ஹெட்காரர்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்தது. நோரில் தலைமை தாங்கிய ரிச்சர்ட் பார்க்கர் தூக்கிலிடப்பட்டார். நைல் போரில் சண்டையிட்ட ‘தீசியஸ்’ அந்தக் கிளர்ச்சியின் வாடை வீசுகிறது என்று மேலிடம் சந்தேகித்த கப்பல். கலகக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் அடுத்த ஆண்டே நாட்டைக் காத்த வீரர் ஆனார்கள். டேவிசனின் பதக்கம் எல்லா மாலுமிக்கும் போனது என்பதன் கனம் இந்தப் பின்னணியில்தான் தெரியும்.

இதற்கு முன்னுதாரணம் வேண்டுமென்றால் வெகுதூரம் பின்னே போக வேண்டும். 1650-ல் டன்பார் போரில் வென்ற கிராம்வெலின் படைக்கு, அதிகாரியிலிருந்து சாதாரண வீரன் வரை பதக்கம் தர நாடாளுமன்றம் முடிவு செய்தது. அதன்பின் அந்தப் பழக்கமே விட்டுப்போனது. அரசு கைவிட்டதை ஒரு வியாபாரி எடுத்துச் செய்தார். ஆனால் அவரும் கடற்படையின் படிநிலையைக் கடக்கவில்லை. உருவமும் வாசகமும் எல்லாருக்கும் ஒன்றே, உலோகம் மட்டும் வேறு. நெல்சனுக்கும் கேப்டன்களுக்கும் தங்கம். லெப்டினன்டுகளுக்கும் அவர்களோடு ஒத்த நிலையில் இருந்தவர்களுக்கும் வெள்ளி. சிறு அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய செம்பு. மாலுமிகளுக்கும் கப்பற்படைச் சிப்பாய்களுக்கும் பழுப்பு நிறம் ஏற்றிய வெறும் செம்பு. மொத்தம் 7,000-க்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பகுதி கடைசி வகை.

பதக்கம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம் கொண்டது. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். முன்பக்கத்தில் கடலோரப் பாறை மேல் ஒரு பெண் நிற்கிறாள். மேலை மரபில் நம்பிக்கை என்ற குணத்துக்குக் கொடுக்கப்பட்ட பெண்ணுருவம் அவள். அவளுக்குப் பின்னால் நங்கூரம் கிடக்கிறது. நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்று சொல்வது விவிலியத்தின் எபிரேயர் நிருபம். ரோமின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் முதல் கிறிஸ்தவர்கள் நங்கூரத்தைக் கீறி வைத்திருப்பது அந்தப் பொருளில்தான். கடற்படைப் பதக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் அமைவது கடினம். மறைநூல் படித்தவருக்கு ஆன்மாவின் நங்கூரமாகத் தெரிந்தது, மாலுமிக்குத் தன் கப்பலில் தினம் தொடும் இரும்பாகவே தெரிந்திருக்கும்.

அவள் வலக்கையில் ஒலிவக் கிளை. இடக்கை ஒரு நீள்வட்டக் கேடயத்தைத் தாங்குகிறது. அந்தக் கேடயத்தில் நெல்சனின் மார்பளவு உருவம், விரல் நகம் அளவுக்குப் பொடியாக. அரசின் 1794 பதக்கத்தோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் படும். அரசின் பதக்கத்தில் பிரிட்டானியா பழங்காலக் கப்பலின் முகப்பில் நிற்கிறாள், கையில் ஈட்டி. சிறகுள்ள வெற்றித் தேவதை அவளுக்கு முடி சூட்டுகிறாள். அந்தக் கப்பலும் தேவதையும் கிரேக்க, ரோமானிய நாணயங்களிலிருந்து வந்தவை. எந்த நாட்டின் எந்த வெற்றிக்கும் அது பொருந்தும். டேவிசனின் பதக்கத்தில் நிற்பவளிடம் வாளும் இல்லை, ஈட்டியும் இல்லை. முகம் தெரிந்த, பெயர் தெரிந்த, உயிரோடு இருக்கும் ஒரு மனிதனை அவள் உலகுக்குக் காட்டுகிறாள். அரசர்களின் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிராமப் பாதிரியாரின் மகன் இருக்கிறார்.

கேடயத்தைச் சுற்றியுள்ள எழுத்து அவரை ஐரோப்பாவின் நம்பிக்கை என்றும் பிரிட்டனின் பெருமை என்றும் சொல்கிறது. வெறும் புகழ்ச்சி என்று இதைத் தள்ள முடியாது. 1797 அக்டோபரில் ஆஸ்திரியா பிரான்சோடு காம்போ ஃபார்மியோவில் உடன்படிக்கை செய்துகொண்டு ஒதுங்கிவிட்டது. அதன்பின் பிரிட்டன் ஏறக்குறையத் தனித்து நின்றது. நைல் வெற்றிக்குப் பிறகே பிரான்சுக்கு எதிரான இரண்டாவது கூட்டணி திரண்டது. ஆகவே நம்பிக்கை என்ற பெண்ணை முன்பக்கத்தில் நிறுத்தியது அந்த ஆண்டின் அரசியலை ஒரே உருவத்தில் சொல்லிவிட்ட செயல். ஒலிவக் கிளையும் அதே கணக்கில் வருகிறது. சமாதானம் வந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. போர் அதற்குப் பிறகும் 17 ஆண்டுகள் நீடித்தது. இடையில் 1802-ல் வந்த அமியான் சமாதானம் ஓராண்டுக்குச் சற்றே மேல்தான் நின்றது.

பதக்கத்தைத் திருப்பினால் அபூக்கிர் விரிகுடா. பிரெஞ்சுக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்க, பிரிட்டிஷ் கப்பல்கள் வரிசையாக உள்ளே வருகின்றன. கதிரவன் அடிவானத்தில் இறங்குகிறது. இந்தத் தேர்வு நின்று யோசிக்க வைப்பது. நைல் போரை வரைந்த ஓவியர்கள் ‘லோரியான்’ வெடித்த நொடியை விட்டு நகர மனம் வராதவர்கள். 1800-ல் லூதர்பர்க் வரைந்ததும், பின்னாளில் ஜார்ஜ் அர்னால்ட் வரைந்து இன்று கிரீனிச்சில் தொங்குவதும் தீப்பிழம்பின் படங்களே. இரவு வானமும் நெருப்பும் ஓவியனுக்குத் தீனி. உலோகத்தில் நெருப்பைக் காட்ட வண்ணம் கிடையாது. ஆனால் காரணம் அது மட்டும் என்று தோன்றவில்லை. தலைமைக் கப்பல் வெடித்தது சண்டையின் நடுவே பரவிய தீயால். மாலை வெளிச்சம் போகப் போகிறது, சரியான கடல் வரைபடம் இல்லை, இருந்தும் காத்திருக்காமல் உள்ளே நுழைவது என்ற முடிவுதான் அன்றைய வெற்றியைத் தீர்மானித்தது. பதக்கம் அந்த முடிவைப் படமாக்கியிருக்கிறது. இறங்கும் கதிரவன் அழகுக்காக வைக்கப்பட்டதல்ல, மணி காட்டுகிறது.

மேலே உள்ள வாசகம், எல்லாம் வல்ல இறைவன் மன்னரின் படைகளை ஆசீர்வதித்தார் என்பது. இது நெல்சனின் சொல். போர் முடிந்து ஆகஸ்ட் 3-ல் அவர் அனுப்பிய அறிக்கை இப்படித்தான் தொடங்குகிறது. அந்த வாசகத்தை எடுத்துச் செம்பில் அடித்து, அதே போரின் மாலுமி கையில் கொடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு. மேலதிகாரிக்குத் தளபதி எழுதிய கடிதத்தின் முதல் வரி அடிமட்டத்து ஆளுக்கும் போய்ச் சேர்ந்தது. படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு அதை வாசித்துக் காட்டியிருப்பான்.

விளிம்பையும் பார்க்க வேண்டும். யார் கொடுத்தது என்பதை டேவிசன் அங்கே பொறிக்கச் செய்திருக்கிறார். தன் பெயர், செயிண்ட் ஜேம்ஸ் சதுக்கம் என்ற முகவரி, மதிப்பின் காணிக்கை என்ற சொல். இரண்டு முகங்களிலும் தன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டவர், விரலால் தடவினால் தட்டுப்படும் இடத்தில் அதை வைத்தார். அவருக்கு இதில் ஆதாயமும் இருந்தது. நைல் போரில் பிடித்த கப்பல்களின் பணத்தைப் பங்கிடும் முகவராக நெல்சன் நியமித்தது அவரைத்தான். அதற்காகப் பதக்கத்தை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அதே இடத்தில் இருந்த வேறு முகவர் இப்படிச் செய்ததாகத் தெரியவில்லை.

அச்சை வெட்டியவர் கோன்ராட் ஹைன்ரிஷ் கியூக்லர், இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த ஜெர்மன் கலைஞர். பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையில் 1793 முதல் வேலை பார்த்தார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்குப் பணமும் தொழிற்சாலையும் தந்த அதே போல்டன். நாணயம் அடிக்கும் அச்சுப் பொறிகளையும் அவர் நீராவியால் ஓட்டினார். 1797-ல் அங்கே வெளிவந்த பெரிய செம்புப் பென்னியும் கியூக்லரின் கைவேலைதான். அலைகளுக்கு நடுவே பாறையில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா, கையில் திரிசூலம் போன்ற முக்கவர் ஈட்டி, தொலைவில் ஒரு கப்பல். கடலரசி என்ற படிமத்தை ஏழையின் பையில் புழங்கும் காசுக்குள் கொண்டுவந்தவர் அவர்.

அச்சு வெட்டுவது தலைகீழ் வேலை. பதக்கத்தில் மேடாக வரவேண்டியது எஃகில் பள்ளமாக இருக்க வேண்டும். எழுத்தும் உருவமும் இடவலமாகத் திரும்பியிருக்க வேண்டும். நகம் அளவு முகத்தில் மூக்கு ஒரு மயிரிழை விலகினாலும் அது வேறு ஆளாகிவிடும். அச்சைப் பதம் போட்ட பிறகு திருத்தவும் முடியாது. நெல்சன் அப்போது மத்தியதரைக் கடலில் இருந்தார். 1800 நவம்பரில்தான் நாடு திரும்பினார். ஆகவே எதிரே உட்காரவைத்துப் பார்த்துச் செதுக்கும் வாய்ப்பு கியூக்லருக்கு இல்லை. பதக்கம் அடிப்பது நாணயம் அடிப்பதைப் போல ஒரே தட்டில் முடிவதுமில்லை. புடைப்பு உயரமாக இருப்பதால் ஓர் அடி அடித்து, இறுகிய உலோகத்தை உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி அதே அச்சில் பிசகாமல் வைத்து அடிக்க வேண்டும். அதன் பிறகு செம்புக்குப் பழுப்பு நிறம் ஏற்றுவார்கள். அந்த நிறம் கடைநிலை மாலுமியின் பதக்கத்திலும் நேர்த்தியாகவே ஏற்றப்பட்டிருக்கிறது. உலோகத்தில் தரம் இறங்கினாலும் வேலைப்பாட்டில் இறங்கவில்லை.

இந்த நாணயச்சாலைக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு உண்டு. சென்னை மாகாணத்தில் புழங்கிய 1803-ம் ஆண்டுச் செம்புக் காசுகள் சோஹோவில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. இருபது காசு, பத்துக் காசு, ஐந்து காசு, ஒரு காசு என்று வரிசையாக இருந்தன. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம். இருபது காசின் மறுபக்கம், இருபது காசு நான்கு ஃபலூஸ் என்று பாரசீகத்தில். இன்றும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் சுலபமாகக் கிடைப்பவை இவை. 1808-ல் அடித்த காசுகளில் ஒரு பெருங்குவியல் சென்னை வந்து சேரவே இல்லை. அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கம்பெனிக் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் பல லட்சம் காசுகளை மேலே எடுத்தார்கள். மதராஸ் கடைவீதியில் தேய வேண்டிய காசு, அச்சின் கூர்மை மாறாமல் உலகெங்கும் சேகரிப்பாளர் கைக்குப் போனது.

உறவு காசோடு நிற்கவில்லை. நெல்சனின் முதல் சண்டையே இந்தியக் கடலில்தான். பதின்வயதில் ‘சீஹார்ஸ்’ கப்பலில் வேலை பார்த்தபோது சென்னைக்கு வந்தார். 1775 பிப்ரவரியில் அந்தக் கப்பல் ஹைதர் அலியின் படகுகளோடு மோதியது. அதற்கு 23 ஆண்டுகளுக்குப் பின் ஹைதரின் மகன் திப்பு பிரெஞ்சு உதவியை எதிர்பார்த்திருந்தார். எகிப்தில் இறங்கிய நெப்போலியனின் கண் இந்தியாவின் மேல் இருந்தது. நைல் வெற்றி முடிந்த கையோடு நெல்சன், லெப்டினன்ட் டுவால் என்பவரைத் தரைவழியாகப் பம்பாய்க்கு அனுப்பினார், பிரெஞ்சுக் கப்பற்படை ஒழிந்தது என்று சொல்ல. கம்பெனி 10,000 பவுண்டை ஏன் கொடுத்தது என்பது இப்போது விளங்கும். அடுத்த ஆண்டு மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார்.

அந்த வெற்றிக்கும் பதக்கம். அதற்கும் சோஹோ. அதற்கும் கியூக்லர். முன்பக்கத்தில் ஒரு சிங்கம் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்பு. ஐரோப்பியனைப் புலி கடித்துக் குதறும் மரப்பொம்மையைத் திப்பு வைத்திருந்தார். இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பொம்மைக்கு நேரெதிர் பதில் போல இருக்கிறது இந்தப் பதக்கம். சிங்கத்துக்கு மேலே பறக்கும் கொடியில் அரபியில், வெல்லும் இறைச் சிங்கம் என்ற பொருளில் ஒரு தொடர். இதே தொடரைத் திப்பு தன் ஆயுதங்களில் புலிமுகம் போலத் தோன்றும்படி எழுதுவித்திருந்தார். நாட்டை எடுத்தவர்கள் அவரது முத்திரை வாசகத்தையும் எடுத்துத் தங்கள் சிங்கத்துக்குச் சூட்டினார்கள். தோற்றவனின் சொல்லை வென்றவன் இப்படிப் பறித்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது.

பின்பக்கத்தில் கோட்டைச் சுவர் உடைப்பில் படை ஏறுகிறது, மேலே உச்சி வெயில். பகல் உச்சி தாண்டிய நேரத்தில் நடந்த தாக்குதல் அது. அபூக்கிரில் அடிவானத்தில் இருந்த அதே கதிரவனை கியூக்லர் இங்கே தலைக்கு மேல் ஏற்றியிருக்கிறார். இரண்டு பதக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு ஒரே கையின் பழக்கம் தெரிந்துவிடும். உலோகப் படிநிலையும் அதே பழக்கம்தான், ஒரு படி கீழே நீட்டப்பட்டது. மேலே தங்கம், பிறகு முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். சென்னைப் படையில் தமிழ்ச் சிப்பாய்கள் ஏராளம். அவர்கள் கைக்கு வந்தது அந்த வெள்ளீயம், அதுவும் போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து.

டேவிசனின் பதக்கத்தைப் பெற்ற மாலுமிகள் அதை என்ன செய்தார்கள் என்பது பதக்கங்களிலேயே எழுதியிருக்கிறது. அதில் வளையமோ நாடாவோ கிடையாது, பெட்டியில் வைத்துப் பார்க்கும் பொருளாகவே கொடுக்கப்பட்டது. பலர் மேல் விளிம்பில் துளை போட்டுக் கயிறோ நாடாவோ கோத்தார்கள். தன் பெயரையும் கப்பலின் பெயரையும் பின்பக்கத்துக் கடல் மேல், வானம் மேல், கிடைத்த இடத்தில் கீறினார்கள். சில கீறல்கள் கற்ற கையின் வேலை. சிலவற்றில் எழுத்துகள் கோணி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். கியூக்லரின் நுணுக்கத்துக்கு அது சேதம்தான். ஆனால் நெல்சனின் பெயர் மட்டும் இருந்த தகட்டில் தன் பெயரையும் ஏற்றிய மாலுமி, டேவிசன் தொடங்கியதை முடித்துவைத்தான். பெயர் கீறிய பதக்கத்துக்கு இன்று ஏலத்தில் அதிக மதிப்பு இருப்பது நியாயமே.

டிரஃபால்கர் போர் 1805 அக்டோபர் 21-ல் நடந்தது. நெல்சன் அதில் இறந்தார். இந்த முறை போல்டனே முன்வந்து சொந்தச் செலவில், மாலுமிகளுக்கென்று பதக்கம் அடித்தார். உருவத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கேத்தரின் ஆண்ட்ராஸ் என்ற பெண் சிற்பி மெழுகில் செய்த நெல்சன் முகத்தை வைத்து கியூக்லர் முன்பக்கத்தைச் செதுக்கினார். பின்பக்கத்தில் போர்க்காட்சி, மேலே ஒரு சுருளில் நெல்சன் கொடி ஏற்றி அறிவித்த புகழ்பெற்ற செய்தி. விளிம்பில் டிரஃபால்கர் வீரர்களுக்கு போல்டனின் பரிசு என்ற வாசகம். ஆனால் அடித்தது வெள்ளீயத்தில். கையில் எடுத்தால் லேசாக இருக்கும், சீக்கிரம் மங்கும். இதை வாங்கிய மாலுமிகளில் பலர் வெறுத்துப்போய்க் கடலில் வீசினார்கள் என்று கடற்படையில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எத்தனை பேர் வீசினார்கள் என்பது வேறு விஷயம். இந்தக் கதை நிலைத்து நின்றதே மாலுமிகளின் மனத்தைக் காட்டுகிறது. ஏழாண்டுக்கு முன் செம்பு வாங்கிய கடற்படை அது.

டேவிசனின் கதை அவ்வளவு மேன்மையாகப் போகவில்லை. 1804-ல் தேர்தலில் லஞ்சம் கொடுத்ததற்காகச் சிறை. பிறகு படைமுகாம் சரக்குக் கணக்கில் மோசடி செய்ததாகத் தீர்ப்பாகி நியூகேட்டில் இரண்டாம் சிறை. அரசிடம் தவறாகப் பெற்ற பணமும் மாலுமிக்கு வாரிக் கொடுத்த பணமும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. பதக்கம் வாங்கியவர்களுக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை.

அரசு விழித்துக்கொண்டபோது ஆண்டு 1847. கடற்படைப் பொதுச் சேவைப் பதக்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, 1793 முதல் 1840 வரை நடந்த கடற்போர்களில் இருந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. வில்லியம் வயன் வடித்த அதன் ஒரு பக்கம் இளம் விக்டோரியா அரசி. மறுபக்கம் கடற்குதிரை மேல் அமர்ந்த பிரிட்டானியா, கையில் முக்கவர் ஈட்டி. வெள்ளை நாடாவின் இரு ஓரமும் நீலம். கலையழகில் கியூக்லரின் நைல் பதக்கத்துக்கு ஈடாகாது. ஆனால் இரண்டு விஷயங்களில் அதைத் தாண்டியது. அட்மிரலுக்கும் மாலுமிக்கும் ஒரே வெள்ளி. பெற்றவரின் பெயர், டேவிசன் தன் பெயரைப் பொறித்த அதே விளிம்பில்.

உலோகத்தில் இருந்த பாகுபாடு போய், வேறு வாசலில் நின்றது. உயிரோடு இருப்பவர் மட்டுமே கேட்கலாம். நைல் போர் நடந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டிருந்தது. அன்று இருந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரில் பதக்க நாடாவில் நைல் போருக்கென்று சேர்க்கும் பட்டைக்கு விண்ணப்பித்துப் பெற்றவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். கேட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். ‘கோலியாத்’ கப்பலில் வெடிமருந்து அறையில் வேலை பார்த்த ஜான் நிக்கல் தன் நினைவுக் குறிப்பில், பெண்களும் சிறுவர்களும் மருந்தைச் சுமந்து கொடுத்ததையும், சண்டை உச்சத்தில் ஒருத்தி ஆண் குழந்தை பெற்றதையும் எழுதியிருக்கிறார். அந்தக் கப்பலில் இருந்த ஆன் ஹாப்பிங், மேரி ஆன் ரைலி ஆகியோரும், டிரஃபால்கரில் ‘டிஃபையன்ஸ்’ கப்பலில் இருந்த ஜேன் டவுன்ஷெண்டும் மனுச் செய்தார்கள். விண்ணப்பங்களைப் பரிசீலித்த குழு, அவர்கள் போரில் இருந்ததை மறுக்கவில்லை. இவர்களுக்குக் கொடுத்தால் இதேபோல் எண்ணற்ற மனுக்கள் வரும் என்று சொல்லி மறுத்தது.

ஆனால் 1794 ஜூன் 1-ல் நடந்த கடற்போரின்போது ‘ட்ரெமண்டஸ்’ கப்பலில் பிறந்த டேனியல் ட்ரெமண்டஸ் மெக்கென்சி என்பவரின் விண்ணப்பத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. பதக்கப் பட்டியலில் அவரது பணிநிலை என்ற இடத்தில் ‘குழந்தை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. விண்ணப்பங்கள் 1851 வரை வாங்கப்பட்டன. பெண் ஒருவரின் பெயர்கூட விளிம்பில் பொறிக்கப்படவில்லை.